டிராவல் டிரெய்லரில் இரண்டு கழிவு வாய்களை ஒன்றாக்குவது எப்படி?

உங்கள் டிராவல் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஓட்டுநர் பக்கமாகக் குனிந்து பாருங்கள். கழிவைக் கொட்டுவதற்கு மூடி போட்ட வாய் ஒன்றுதான் இருக்கிறது என்றால் உங்களுக்கு இந்த வேலை தேவையில்லை. எட்டாம் படியில் சொல்லும் கடைசி வால்வை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். வாய் இரண்டு இருந்தால் உட்காருங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது 28 அடி நீளமுள்ள, பழையதாக வாங்கிய வண்டி. இருப்பது டெக்சாஸில், ஆஸ்டின் பக்கம். சமையலறை முன்னால், குளியலறை பின்னால். அதனால் சமையலறைத் தண்ணீருக்கு முன்னால் ஒரு தொட்டியும் அதற்குத் தனி வாயும். கழிப்பறைக்கும் குளியலுக்கும் பின்னால் இரண்டு தொட்டிகளும் அவற்றுக்கு ஒரு வாயும். இரண்டு வாய்களுக்கும் நடுவே 14 அடி. ஞாயிறு மதியம் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில், கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் முதலில் பின்வாயில் ஹோஸை மாட்டிக் கொட்டி, கழுவி, கழற்றி, வண்டியை 14 அடி பின்னால் எடுத்து, மறுபடி மாட்டிக் கொட்ட வேண்டும். பின்னால் ஆறேழு வண்டிகள் காத்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் ஆனது. முன்தொட்டித் தண்ணீரை ஒரு குழாய் வழியாகப் பின்னால் கொண்டுபோய்ப் பின்வாயிலேயே சேர்த்துவிட்டதால் இப்போது பதினைந்து நிமிடத்தில் முடிகிறது.

இந்த வேலையை நான் இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. முதல் முறை தவறியது ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்கள் ஒரே முறையில் முடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: கழிப்பறைக் கழிவு சேர்வது கறுப்புத் தொட்டி. பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேர்வது சாம்பல் தொட்டி. இங்கே எல்லோரும் இந்தப் பெயர்களால்தான் சொல்வார்கள்.

1. முதலில் காகிதங்கள்

ரம்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

முதலாவது, தொட்டிகளும் குழாய்களும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம். வண்டியோடு வந்த கையேட்டில் பெரும்பாலும் இது இருக்காது. வண்டியின் 17 எழுத்து வின் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எனக்கு ஒன்பது நாளில் பதில் வந்தது. வராவிட்டாலும் வேலை நிற்காது, வண்டியின் அடியை மூடியிருக்கும் தகட்டை அதிகமாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, உத்தரவாதப் பத்திரம். புது வண்டி என்றால் உத்தரவாதம் முடியும்வரை குழாயில் கை வைக்காதீர்கள். நீங்கள் வெட்டிய இடத்தில் பிற்பாடு கசிந்தால், அது நீங்கள் செய்த மாற்றத்தால் வந்தது என்று சொல்லி மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். தனியாகப் பணம் கட்டி வாங்கிய நீட்டிப்பு ஒப்பந்தம் இருந்தால் அதையும் ஒரு முறை வாசியுங்கள். மாற்றம் செய்த பாகம் பற்றி ஒரு வரி எங்காவது இருக்கும்.

மூன்றாவது, நீங்களே உண்டாக்க வேண்டிய ஆவணம்: படங்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும், பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் எடுங்கள். பாகம் வாங்கிய ரசீதுகளோடு ஒரே கோப்பில் வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி இதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

2. வெட்டாமல் முடியுமா என்று பாருங்கள்

ஆண்டுக்கு நான்கைந்து பயணம்தான் என்றால் குழாயை வெட்டவே வேண்டாம். இரண்டு ஹோஸ்களை ஒன்றாகச் சேர்க்கும் ஒய் வடிவ இணைப்பு கிடைக்கிறது. அதோடு நீளமான ஒரு ஹோஸும் வாங்கினால் 60, 70 டாலரில் முடிந்துவிடும். இரண்டு வாய்களிலும் ஹோஸை மாட்டி, இரண்டையும் ஒய்யில் சேர்த்து, ஒரே குழியில் விடலாம். வண்டியை நகர்த்த வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், கழுவி மடித்து வைக்க வேண்டிய ஹோஸ் இரண்டு மடங்காகிறது. மாதம் இரண்டு முறை வெளியே போகிற எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஆனாலும் இதை ஒரு பயணத்திலாவது முயன்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு அதுவே போதும் என்று தோன்றலாம்.

3. வாட்டத்தை அளப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கழிவுக் குழாய்க்கு வாட்டம்தான் உயிர். ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் இறங்க வேண்டும். 14 அடிக்கு மூன்றரை அங்குலம்.

முன்வாயின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்வாயின் அடி எவ்வளவு உயரம் என்று அளந்து கழித்தால் உங்களிடம் உள்ள இறக்கம் தெரிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் முறை நான் அளந்தபோது 5 அங்குலம் வந்தது. தாராளம் என்று நினைத்தேன். ஆனால் அன்று வண்டியின் மூக்கு, அதாவது முன்முனை, அதைத் தாங்கும் ஜாக்கில் கொஞ்சம் தூக்கி நின்றது. சமமாக நிறுத்திய பிறகு அளந்தால் மூன்றரைதான். அதிலும் பின்னால் சேரும் ஒய் இணைப்பு ஒரு அங்குலத்தைத் தின்றுவிட்டது. மிச்சம் இரண்டரை.

என்ன ஆனது? தண்ணீர் போவது போலத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை வெயிலில், வண்டிக்குள் புளித்த நாற்றம். குழாயைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் மூன்றடி தூரத்துக்கு எண்ணெய்ப் படலம் படிந்து, அதில் கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் ஒட்டி, மஞ்சள் நிறத்தில் ஒரு சேறு. நம் சமையல் தாளிப்பு இல்லாமல் நடக்காது. தண்ணீர் தேங்கும் குழாயில் அந்த எண்ணெய் தங்கிவிடுகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, நீளவாக்கில் சரியாக வரும்வரை மூக்கு ஜாக்கை இறக்குங்கள் அல்லது ஏற்றுங்கள். அப்புறம் அளங்கள். வந்த அளவில் ஒரு அங்குலத்தை ஒய் இணைப்புக்காகக் கழியுங்கள். மிச்சம் போதுமானால் மேலே போகலாம்.

போதவில்லை என்றால் முன்வாய்ப் பக்கம் பாருங்கள். பல வண்டிகளில் தொட்டி வால்வுக்குப் பிறகு எல்போ என்னும் வளைவு இணைப்பு ஒன்றைப் போட்டு, வாயைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். எங்கள் வண்டியில் அந்த எல்போ இரண்டு அங்குலம் இறங்கியது. இரண்டாம் முறை அதற்கு முன்பாகவே வெட்டி எடுத்துக் குழாயைத் தொடங்கினேன். நாலரை அங்குலம் கிடைத்தது. பின்வாயைக் கீழே இறக்கி இறக்கத்தைச் சம்பாதிக்க நினைக்காதீர்கள். பெட்ரோல் பங்கின் மேட்டில் ஏறும்போது முதலில் இடிபடுவது அதுதான்.

எப்படிப் பார்த்தாலும் இறக்கம் இல்லை என்றால் மெசரேட்டர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. கழிவை அரைத்து, மெல்லிய ஹோஸ் வழியாக மேட்டுக்கும் தள்ளும். 12 வோல்ட்டில் ஓடும். தடித்த ஒயரும் தனி ஃபியூஸும் வேண்டும். 150 டாலரிலிருந்து 300 வரை ஆகும். அது வேறு வேலை, இங்கே அதற்குள் போகவில்லை.

4. பொருட்களும் விலையும்

டிரெய்லரில் இருக்கும் கறுப்புக் குழாய் ஏபிஎஸ் பிளாஸ்டிக். வீடுகளில் நாம் பார்க்கும் வெள்ளைக் குழாய் பிவிசி. இரண்டும் வேறு வேறு, பசையும் வேறு வேறு. டெக்சாஸ் கடைகளில் பிவிசி அடுக்கடுக்காக இருக்கும், ஏபிஎஸ் தேடினால் பாதிப் பொருள்தான் கிடைக்கும். இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று பிவிசி வாங்கி ஒட்டிவிடாதீர்கள். நான் இணையத்தில் வரவழைத்தேன், ஆறு நாள் ஆனது. பொருள் எல்லாம் கைக்கு வந்த பிறகு வெட்டத் தொடங்குங்கள்.

நான் வாங்கியவை: ஒன்றரை அங்குலக் குழாய், பத்தடி நீளத்தில் இரண்டு, 36 டாலர். மூன்று அங்குலக் குழாயில் ஒன்றரை அங்குலக் கிளை வரும் ஒய், சுத்தம் செய்யும் வாய்க்கு ஒரு ஒய்யும் திருகு மூடியும், சில 45 டிகிரி எல்போக்கள், எல்லாம் சேர்த்து 42. ஒன்றரை அங்குலக் கேட் வால்வு 28. ஹோஸ் மாட்டும் முறுக்குப் பூட்டு உள்ள புது வாய் 12. கடைசியில் மாட்டும் மூன்று அங்குல வால்வு 30. கிளாம்போடு வரும் ரப்பர் இணைப்பு இரண்டு 18. தாங்கு பட்டைகளும் திருகுகளும் 16. ஏபிஎஸ் பசை 9. அடித்தகட்டை மூட அகல டேப் 12. ஆக மொத்தம் 203 டாலர்.

ஒரு பழுதுபார்ப்புக் கடையில் விசாரித்தபோது 900 டாலரும் மூன்று வாரக் காத்திருப்பும் என்றார்கள். உங்களுக்குக் குனிந்து வேலை செய்ய முதுகு இடம் கொடுக்காது என்றால் அதையும் கொடுத்துச் செய்வதில் தவறில்லை. ஆனால் வாட்டம் எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய் அளவில் ஒரு குழப்பம் வரும். மூன்று அங்குலக் குழாயின் வெளிவிட்டத்தை அளந்தால் மூன்றரை அங்குலம் வரும். ஒன்றரை அங்குலக் குழாய் 1.9 வரும். தவறாக வாங்கிவிட்டோமோ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அது அப்படித்தான்.

5. தொட்டிகளைக் காலி செய்து கழுவுங்கள்

வேலைக்கு முந்தின நாள் மூன்று தொட்டிகளையும் கொட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி மறுபடி கொட்டுங்கள். கறுப்புத் தொட்டிக்கு இப்படி மூன்று முறை. டம்ப் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் குலுங்கி மிச்சமும் இறங்கும், அதனால் வெட்டும்போது அடியில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

6. வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். சட்டத்துக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். மூக்கு ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

கேஸ் சிலிண்டரை மூடி, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள். பசையின் ஆவி தீப்பிடிக்கும்.

அடியில் நெளிவு பிளாஸ்டிக் தகடு மூடியிருந்தால் அதை முழுக்கக் கழற்ற வேண்டாம். ஒரு ஓரத்தின் திருகுகளை எடுத்துத் தொங்கவிட்டால் கை போகும். அது முடியாத இடத்தில் மூன்று பக்கம் வெட்டி, கதவு போலத் திறந்துகொள்ளுங்கள். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். தகட்டுக்கு மேலே பிரேக் ஒயரும், தண்ணீர்க் குழாயும், சில வண்டிகளில் கேஸ் குழாயும் ஓடும். கேஸ் குழாயைக் கண்டால் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டுவிட்டு அந்தப் பக்கம் துளை போடுவதை மறந்துவிடுங்கள்.

7. எங்கே சேர்ப்பது, எப்படி ஒட்டுவது

விதி ஒன்றுதான்: ஒவ்வொரு தொட்டிக்கும் அதன் வால்வு அதனிடமே இருக்க வேண்டும், சேர்ப்பதெல்லாம் வால்வுகளைத் தாண்டிய பிறகுதான். வால்வை மிச்சம் பிடிக்கலாம் என்று தொட்டிகளுக்கும் வால்வுக்கும் நடுவில் சேர்த்துவிட்டால், கழிப்பறைக் கழிவு சாம்பல் தொட்டிக்குள் போகும். தொட்டி நிரம்பினால் குளிக்கும் இடத்தில் மேலே வரும். அதைக் கழுவிச் சரிசெய்ய ஒரு வாரம் போதாது.

பின்பக்கம், கறுப்பு வால்வும் சாம்பல் வால்வும் தாண்டியபின் ஹோஸ் மாட்டும் வாய்வரை ஒரு சாண் இடம்தான் இருக்கும். ஒய் அதில் நுழையாது. பழைய வாயை வெட்டி எடுத்து, ஒய்யை ஒட்டி, அதன் முனையில் புது வாயை ஒட்டுங்கள். டி இணைப்பு போடாதீர்கள், ஒய்தான் வேண்டும். கிளை, ஓட்டத்தின் திசையில் சாய்ந்து சேர வேண்டும். அதோடு, கிளை பக்கவாட்டில் படுக்காமல் 45 டிகிரி மேல்நோக்கித் திரும்பியிருக்கட்டும். படுத்திருந்தால் கறுப்புத் தொட்டியைத் திறக்கிறபோதெல்லாம் கழிவு அந்தச் சின்னக் குழாய்க்குள் ஏறிப் பார்க்கும். முன்பு சொன்ன ஒரு அங்குல நஷ்டம் இந்தத் திருப்பலால் வருவதுதான். கொடுத்துவிடுங்கள்.

முன்பக்க வால்வு பழையதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது இரண்டு பக்க ரப்பர் சீலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான்கு போல்ட்டையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் சீல் பிதுங்கும். வால்வுக்குள் நகரும் தகடு வழுக்கச் சிலிக்கோன் கிரீஸ் போடலாம். பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும்.

முன் முனையில், வால்வைத் தாண்டிய இடத்தில், திருகு மூடி போட்ட ஒரு வாய் வையுங்கள். என்றாவது அடைத்தால் அதன் வழியே கம்பி விடலாம். நீளக் குழாயின் இரண்டு முனைகளிலும் ரப்பர் இணைப்பு. நாளைக்கு அச்சில் வேலை வந்தால் கிளாம்பைத் தளர்த்தி முழுக் குழாயையும் இறக்கிவிடலாம்.

குழாயைச் சக்கரத்துக்கு நேராக ஓட்டாதீர்கள். ஓடும்போது டயர் வெடித்தால் கிழிந்த ரப்பர் சாட்டை மாதிரி அடித்து, பக்கத்தில் இருக்கும் குழாயைத் தூளாக்கிவிடும். சட்டத்தின் உட்பக்கமாகக் கொண்டுபோங்கள். நாலடிக்கு ஒரு தாங்கு பட்டையாவது வேண்டும். பட்டைக்காக முதன்மைச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட வேண்டாம். குறுக்குச் சட்டத்தில் மாட்டுங்கள், அல்லது விளிம்பைக் கவ்வும் கிளாம்ப் வாங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையில்லாமல் கோத்து, ரசமட்டம் வைத்து, வாட்டத்தை மறுபடி பாருங்கள். இந்த இடத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். சரியாக வந்ததும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஏபிஎஸ் கறுப்பாக இருப்பதால் வெள்ளிநிற மார்க்கர் வேண்டும். ஒட்டும்போது இரண்டு கோடும் நேராக வந்தால் திசை சரி.

வெட்டிய முனையின் பிசிறைக் கத்தியால் சுரண்டி, துடைத்து, குழாயிலும் இணைப்பிலும் பசை தடவி, கால் திருப்புத் திருப்பித் தள்ளி, அரை நிமிடம் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் பசை பிடித்த பிடியை விடாது. அப்புறம் திருத்தலாம் என்ற பேச்சே இல்லை. பிவிசிக்குப் போடும் ஊதா நிறப் பிரைமர் இதற்கு வேண்டாம்.

முதல் சனிக்கிழமை வெட்டிக் கோத்துப் பார்க்க, இரண்டாம் சனிக்கிழமை ஒட்ட என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. இடையில் ஒரு பாகம் குறைந்தால் வாங்கவும் நேரம் கிடைக்கும்.

8. கடைசி வால்வு

புது வாயில் நேராக முறுக்கி மாட்டுகிற மூன்று அங்குல வால்வு. பசை இல்லை, வெட்டு இல்லை, ஐந்து நிமிட வேலை. உள்ளே இருக்கும் வால்வு ஏதாவது ஒன்று முழுசாக மூடாமல் கசிந்தால், மூடியைத் திறந்ததும் ஒரு குவளை கழிவு காலில் கொட்டும். இது இருந்தால் ஹோஸை மாட்டிய பிறகே திறக்கலாம்.

ஆனால் இதை நம்பி உள் வால்வுகளைத் திறந்து வைக்காதீர்கள். கடைசி வால்வு மூடி, கறுப்பும் சாம்பலும் திறந்திருந்தால் கழிவு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். பயணத்தில் எல்லா வால்வும் மூடியே இருக்க வேண்டும்.

9. சோதனை

பசை காய 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தொட்டிகளில் நல்ல தண்ணீர் நிரப்பி, உள் வால்வுகள் மூடிய நிலையில் ஒரு ராத்திரி. காலையில் ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் காகிதத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். அப்புறம் கடைசி வால்வை மூடி, முன் வால்வை மட்டும் திறந்து, புதுக் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்க வைத்து இன்னொரு மணி நேரம். அந்தத் தண்ணீரை டம்ப் ஸ்டேஷனில் கொட்டி, இருபது மைல் ஓட்டிவிட்டு வந்து, ரப்பர் இணைப்புகளின் கிளாம்பை மீண்டும் இறுக்குங்கள். என்னுடையதில் ஒன்று அரைத் திருகு தளர்ந்திருந்தது. இதெல்லாம் முடிந்த பிறகு அடித்தகட்டை மூடி டேப் ஒட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

10. இனிமேல் கொட்டும் வரிசை

ஹோஸை மாட்டுங்கள், கடைசி வால்வைத் திறங்கள். முதலில் கறுப்பு. அது நின்றதும் மூடிவிட்டு முன்பக்கச் சமையலறை. புதுக் குழாய்க்குள் ஏதாவது எட்டிப் பார்த்திருந்தால் இது அடித்துக்கொண்டு போகும். கடைசியில் குளியல் தண்ணீர், அது ஹோஸைக் கழுவிக்கொடுக்கும். எல்லா உள் வால்வையும் மூடி, கடைசி வால்வை மூடி, அதன் பிறகு ஹோஸைக் கழற்றுங்கள். ஸ்டேஷன் தரை வண்டியின் முன்பக்கமாகச் சரிந்திருந்தால் மூக்கு ஜாக்கை இரண்டு அங்குலம் ஏற்றினால் முன்தொட்டி நன்றாக வடியும்.

முகாமில் குழிக்குள் ஹோஸை மாட்டிவிட்டுக் கறுப்பு வால்வை நாள் முழுக்கத் திறந்து வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு, கெட்டியானது குவிந்து காய்ந்து மேடாகிவிடும். மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பட்டும், அப்புறம் திறங்கள்.

வீட்டிலேயே சாக்கடை வாய் இருக்கிறதே, அதில் கொட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நகராட்சிச் சாக்கடை என்றால் முதலில் நகரத்தின் கழிவுநீர்த் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், குடியிருப்போர் சங்க விதிகளையும் பாருங்கள். செப்டிக் டேங்க் வீடு என்றால் ஃபார்மால்டிஹைடு கலந்த தொட்டி மருந்து போட்ட கழிவை அதில் விடவே கூடாது, உள்ளே இருக்கும் கிருமிகள் செத்துப்போகும்.

சமையலறைத் தொட்டிக்கு மட்டும் இன்னொரு சொல். அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு இரண்டு வாரம் பயணம் செய்தபோது முன் வால்வு மூடாமல் சொட்டியது. கழற்றிப் பார்த்தால் தகடு இறங்கும் பள்ளத்தில் ஏழெட்டுக் கடுகு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதிலிருந்து சிங்க்கில் மூன்று டாலர் கம்பி வலை போட்டிருக்கிறோம், தாளித்த கரண்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம். ஒன்றரை அங்குல வால்வுக்கு ஒரு ஜோடி ரப்பர் சீலும், போல்ட் திருகும் ஸ்பேனரும், முன்வாயிலிருந்து கழற்றிய பழைய மூடியும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.